மூக்கன் பார்த்து வாங்கிய வண்டி

மூக்கனை அழைத்துப் போகாமல் அந்த வட்டாரத்தில் யாரும் பழைய டீசல் வண்டி வாங்குவதில்லை. அப்படி வாங்கியவர்கள் இப்போது சைக்கிளில் போகிறார்கள் என்று பேச்சு. மற்ற மெக்கானிக்குகள் கண்ணால் பார்ப்பார்கள், காதால் கேட்பார்கள்; மூக்கன் மோந்து பார்ப்பார். தெருமுனையில் ஒரு லாரி திரும்பினால், அது எந்தப் பெட்ரோல் பங்க்கில் டீசல் போட்டது, பங்க்காரன் எவ்வளவு மண்ணெண்ணெய் கலந்தான், கலக்கும்போது அவனுக்கு மனசாட்சி உறுத்தியதா என்பது வரை சொல்லிவிடுவார். மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நாடி பார்க்கக் குனிந்த டாக்டரிடம், "சார், உங்க கார்ல கிளச் பிளேட் கருகுது. எனக்கு ஊசி அப்புறம் போட்டுக்கலாம், முதல்ல அதைப் பாருங்க" என்றாராம். டாக்டரும் போய்ப் பார்த்தாராம்.

அந்த மூக்குக்கு ஆகாத ஒரே பொருள் கருவாடு. இரண்டு தெரு தள்ளி யாராவது கருவாட்டுச் சட்டியை அடுப்பில் ஏற்றினால், இங்கே மூக்கன் ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் வருகிறார் என்றால் தங்கை முந்தின நாளே சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கருவாடு தின்ற பூனையைக்கூடப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

அப்பேர்ப்பட்ட மூக்கு செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மழைக்கால ஆரம்பத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது உலகத்து வாசனையையெல்லாம் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறவர் அவர். ஒரு காலையில் அடுப்பில் வைத்த பால் பொங்கி, வற்றி, கருகி, பாத்திரமே கரியாகிப் புகை கண்ணைக் குத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தார். உடனே ஓடிப்போய் டீசலில் விரலை நனைத்து மோந்தார். பிறகு மண்ணெண்ணெய். பிறகு கிரீஸ். பிறகு தன் அழுக்குச் சட்டை. காற்று போனது, காற்று வந்தது, அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. கை போனால் கட்டுப் போட்டுக் காட்டலாம். மூக்கோ முகத்தில் முன்பைவிட எடுப்பாக உட்கார்ந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் தங்கையும் மாப்பிள்ளையும் பட்டறைக்கு வந்தார்கள். தங்கை சமையல் வேலை செய்கிறவள். மலைமேல் ரோடு போடுகிற ஆட்களுக்குத் தினமும் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற கான்ட்ராக்டை, செருப்பு தேயத் தேய அலைந்து வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை ஆரம்பம். ஒரே நிபந்தனை, மலை ஏறுகிற வண்டி சொந்தமாக இருக்க வேண்டும். அவர்களிடம் இருந்த லோடு ஆட்டோ அந்த ஜல்லிச் சரிவைக் கண்டாலே நின்றுவிடும். மாப்பிள்ளை ஒரு பழைய நாலு சக்கர இழுவை ஜீப்பைப் பார்த்து வைத்திருந்தார். பழைய வண்டி விற்கிற அந்த யார்டுக்காரர் ஆட்டோவை வாங்கிக்கொண்டு ஜீப்பைக் கொடுக்கச் சம்மதித்திருந்தார்.

"ஆட்டோவக் குடுத்துட்டா திரும்பி வராதுண்ணே," என்றாள் தங்கை. "நீ மோந்து பாத்து சரின்னா சரி. வேணாம்னா வேணாம்."

சொல்லிவிடலாம் என்று மூக்கன் வாயைத் திறந்தார். மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "மச்சான் மூக்கு இருக்கறப்ப நமக்கென்ன கவலை. நான் யார்டுல மச்சான் பேரைத்தான் சொன்னேன். அப்பவே அந்தாளு ரெண்டு வண்டிய விக்கறதுக்கில்லன்னு உள்ள தள்ளிட்டான்."

மூக்கன் வாயை மூடிக்கொண்டார்.

யார்டுக்குப் பக்கத்திலேயே கருவாட்டுச் சந்தை. திங்கட்கிழமைச் சமையலுக்குச் சரக்கு எடுக்கத் தங்கை அங்கே இறங்கிக்கொண்டாள். "மூச்சைப் புடிச்சுக்கண்ணே, நாலு பை சுத்தித்தான் கொண்டு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்ன பிறகுதான் நினைவு வந்து மூக்கன் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

யார்டில் முதலில் ஜீப்பின் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது. நல்லது. ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் எந்தக் கிழட்டு டீசலும் ஒரே சுழற்றில் கிளம்பும். குளிர்ந்து கிடக்கும்போதுதான் அதன் வயது தெரியும். இது இரண்டாம் சுழற்றில் பிடித்தது. வெள்ளையாக ஒரு வாய் புகை விட்டது, பிறகு தெளிந்துவிட்டது. ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையால் மூடிப் பார்த்தார். தூங்குகிற குழந்தை மூச்சு விடுவதுபோலக் காற்று மெதுவாகத்தான் முட்டியது; தேய்ந்த இன்ஜின் என்றால் கையையே தள்ளும். இன்ஜினை நிறுத்திவிட்டுச் சின்னச் சுத்தியலோடு அடியில் புகுந்தார். புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதற்குள் துரு ஒளிந்திருந்தால் தட்டினால் பொத்தென்று சொல்லும். தலையிலிருந்து வால் வரை தட்டியும் 'டங் டங்' என்றே சொன்னது. ஸ்டியரிங்கில் ஆட்டம் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. யார்டின் மூலையில் கிடந்த மணல் மேட்டில், நாலு சக்கர இழுவையைப் போட்டு ஏற்றச் சொன்னார். எருமை கரையேறுவதுபோல அலட்டாமல் ஏறியது.

"பாஸா மச்சான்?"

"இரு மாப்ளே. அடுப்புல பால வச்சுட்டு வந்தவன் மாதிரி பறக்காத," என்றார் மூக்கன். சொன்ன பிறகுதான் கரியான பாத்திரம் அவர் நினைவுக்கு வந்தது.

கடைசியாக ஆயில் குச்சியை உருவினார். மட்டம் மேல் கோட்டுக்கும் மேலே நின்றது.

"என்ன, இவ்ளோ ஏறியிருக்கு?"

"நேத்துதாண்ணே ஆயில் மாத்தினேன்," என்றார் யார்டுக்காரர். "ஊத்தினவன் தாராளமான ஆளு. அவன் காசா இருந்தா அளந்து ஊத்தியிருப்பான்."

விரலில் தேய்த்தார். இளகலாக இருந்தது. இன்ஜின் இப்போதுதான் ஓடி நின்றது, அந்தச் சூட்டிலும் இளகும். ஆனால் டீசல் பம்பின் சீல் போயிருந்தாலும் இப்படித்தான். டீசல் கசிந்து ஆயிலில் இறங்கும், மட்டம் ஏறும், ஆயில் தண்ணீராகும். அந்த நிலையில் மேட்டில் ஏற்றினால் இன்ஜின் தன் ஆயிலையே குடிக்க ஆரம்பித்துவிடும். தாராளமா, கசிவா என்பதைப் பிரித்துச் சொல்ல இந்த இடத்தில் மூக்கு ஒன்றுதான் வழி.

அது எல்லோருக்கும் தெரியும். குச்சி மூக்கை நோக்கி உயர்ந்ததும் வெல்டிங் வைக்கிறவர் வெல்டிங்கை நிறுத்தினார். எதிர்க்கடையில் ரேடியோவைக் குறைத்தார்கள். யார்டின் மேல் பறந்த காக்கை பறப்பதை நிறுத்திக்கொண்டு தகரக் கூரையில் உட்கார்ந்தது. மூக்கன் கண்ணை மூடி, இடது துளையின் கீழ் விரலை வைத்து, அடிவயிற்றிலிருந்து இழுத்தார்.

ஒன்றுமில்லை. இன்னொரு முறை இழுத்தார். காற்று.

கண்ணைத் திறந்தபோது தங்கை கை எட்டும் தூரத்தில், பைகளோடு வந்து நின்றிருந்தாள். குச்சியை அவளிடம் நீட்டினால் போதும். நீட்டினால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரியும். நாளையிலிருந்து பட்டறை வாசலில் நாய்கூட நிற்காது. கண் சரி என்கிறது, காது சரி என்கிறது, கை சரி என்கிறது. இத்தனை சாட்சி இருக்கும்போது மூக்கு ஒன்றுக்காகவா?

"சுத்தம்," என்றார்.

யார்டுக்காரர் விட்ட பெருமூச்சில் பக்கத்து வண்டியின் தூசி பறந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம் அந்த முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. மூக்கன் அதையும் பார்த்தார். பார்த்தும் ஆட்டோவின் சாவி கை மாறும்வரை சும்மா நின்றார்.

மாப்பிள்ளை ஓட்ட, மூக்கன் பக்கத்தில். தங்கை ஒரு பையை அவர் மடியில் வைத்துவிட்டுப் பின்னால் ஏறினாள். ஏறியவள் எதையோ எதிர்பார்த்தவளாக அவரையே பார்த்தாள். அவர் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

"அப்படியே மலை ரோட்ல ஒரு தடவ ஏத்திப் பாத்துடுவோம்," என்றார் மாப்பிள்ளை. அவருக்கு ஜீப்பின் ஸ்டியரிங்கைத் தொட்டதிலிருந்தே மீசை ஒரு அங்குலம் வளர்ந்திருந்தது.

ஏற்றம் தொடங்கியதும் தங்கை சொன்னாள். "டீசல் வாடை தூக்குதே."

"மூக்கன் முன்சீட்ல உக்காந்திருக்காரு, பின்சீட்டு மூக்கு பேசுது பாரேன்," என்று மாப்பிள்ளை சிரித்தார்.

"உனக்கு வரலையாண்ணே?"

"பழைய வண்டின்னா லேசா இருக்கும்மா."

மூக்கன் கண்ணாடியில் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வளைவில் இன்ஜின் கனைத்தது. பிறகு உறுமியது. மாப்பிள்ளை ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், உறுமல் ஏறியது. நியூட்ரலில் தள்ளி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், இன்னும் ஏறியது. சாவியைத் திருப்பிக் கையில் உருவிக்கொண்டார். சாவி கையில் இருக்க, நிறுத்தப்பட்ட இன்ஜின் ஊளையிட்டது. பின்னாலிருந்து கிளம்பிய வெள்ளைப் புகையில் மலையே காணாமல் போயிற்று.

"டாப் கியரப் போட்டு கிளச்ச விடு மாப்ளே, அடக்கிரலாம்," என்று மூக்கன் கத்தினார். மாப்பிள்ளை அதற்குள் ரோட்டில் குதித்து, டிவியை அணைக்கிறவர்போல வண்டியைப் பார்த்துச் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார்.

தன் ஆயிலையே குடித்து ஓடுகிற இன்ஜின் சாவிக்கு அடங்காது; மூச்சை அடைக்க வேண்டும், இனி வேறு வழி இல்லை. மூக்கன் பானெட்டைத் தூக்கினார், காற்று போகிற ரப்பர் குழாயைப் பிய்த்தார், கையில் இருந்ததை அந்த வாயில் வைத்து அமுக்கினார். கையில் இருந்தது பை. இன்ஜின் பையைக் கிழித்து, உள்ளே இருந்ததில் பாதியை விழுங்கியது. அடிவயிற்றில் சம்மட்டி விழுந்ததுபோல ஒரு சத்தம். இன்ஜின் பிளாக்கில் முஷ்டி அளவுக்கு ஓட்டை விழுந்து, கறுப்பு ஆயில் ரோட்டில் ஓடியது. அப்புறம் அமைதி.

அமைதியில் நாற்றம் எழுந்தது. கொதிக்கிற இரும்பில் வறுபட்ட கருவாடு. எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னல்கள் படபடவென்று மூடின. மேலே ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்தினார்கள். மாப்பிள்ளை ரோட்டோரம் குனிந்து ஓங்கரித்தார். தங்கை முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டாள். அந்தப் புகைக்கு நடுவில், ரப்பர் குழாயைப் பிடித்தபடி, மூக்கன் வாயை மூடிக்கொண்டு, மூக்கால் ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எப்பலேர்ந்து மச்சான்?"

"காய்ச்சல் வந்ததுலேர்ந்து, மாப்ளே."

"பைய மடியில வச்சது மறதியிலதான்," என்றாள் தங்கை. "வச்சப்புறம்தான் பதறினேன். நீ ஒண்ணும் சொல்லல. தங்கச்சி சந்தோஷமா இருக்கான்னு பொறுத்துக்கறேன்னு நெனச்சேன்." அவள் குரலில் கோபமே இல்லை. "யார்டுல ஒரு வார்த்தை காதுல சொல்லியிருக்கலாம்ல. நான் மோந்து பாத்திருப்பேன். எனக்கும் ஒரு மூக்கு இருக்குல்லண்ணே."

மாப்பிள்ளை யார்டுக்குப் போன் செய்தார். ஆட்டோவைத் திருப்பித் தர முடியாது என்று பதில் வந்தது. "மூக்கனே சுத்தம்னு சொன்னாரு, கடைத்தெரு பூரா கேட்டுச்சே" என்ற குரல் போனுக்கு வெளியே வரைக்கும் கேட்டது. மேலே ஆட்கள் மீண்டும் ஜல்லி கொட்ட ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை அவர்களுக்கு வேறு யாரோ சாப்பாடு கொண்டுபோவார்கள். தங்கை ரோட்டில் சிதறியதில் கருகாத கருவாடுகளைப் பொறுக்கித் துணியில் சேர்க்கத் தொடங்கினாள். மூக்கன் குனிந்து உதவப் போனார். "நீ விடுண்ணே," என்றாள்.

சாயங்காலம் ஒரு லாரி நின்றது. டிரைவர் கயிற்றோடு இறங்கி வந்து அதிர்ந்து நின்றார்.

"மூக்கண்ணே, நீங்க பாத்து வாங்கின வண்டியா இது?"

மூக்கன் பதில் தேடுவதற்குள் மாப்பிள்ளை கயிற்றை வாங்கிக்கொண்டார். "இல்லண்ணே. அவசரப்பட்டு நாங்களே வாங்கிட்டோம். வண்டி படுத்தப்புறம்தான் மச்சானக் கூட்டியாந்தோம்."

"அதானே. அவரக் கேக்காம வாங்கினா இந்தக் கதிதான்," என்றார் டிரைவர். "அண்ணே, ஞாயித்துக்கெழம எனக்கு ஒரு வண்டி பாக்கணும். பொண்டாட்டி நகைய வித்து வாங்கறது. வருவீங்கல்ல?"

மூக்கன் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை முடிச்சுப் போடுவதிலேயே குறியாக இருந்தார். உண்மையைச் சொன்னால், தன் வாழ்நாளில் மச்சானுக்காக அந்த மனிதர் சொன்ன ஒரே பொய் நடு ரோட்டில் உடைந்துவிடும். தங்கை துணி மூட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"பாக்கலாம்," என்றார் மூக்கன்.

டிரைவர் மூட்டையின் பக்கம் திரும்பி முகத்தைச் சுளித்தார். "என்னண்ணே இப்படிக் குடலப் புடுங்குது. நீங்க எப்படித்தான் நிக்கறீங்க?"

மூக்கன் கையை உயர்த்தி, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.