இரு பக்கமும் இறக்கம்

வேறு எதை வேண்டுமானாலும் கேள், பஸ்ஸை மட்டும் கேட்டுவிடாதே என்று கிஸ்லேன் பூஷே தன் மகளிடம் சொல்லியிருந்தாள். பிரான்சின் மலைக்கிராமமான வோரியாக்கின் ஊர்மன்றக் கூட்டத்தில், பொதுமக்களுக்கென்று போட்டிருந்த கடைசி வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து மகள் கொராலி கேட்ட முதல் விஷயமே அதுதான். "பஸ்ஸத் திரும்ப விடுங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. திங்கக்கிழமையிலேர்ந்து." ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி, வெயில் இன்னும் மேசைமேல் கிடந்தது. மேயர் தெல்பூ உடனே கூட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். பொதுமக்களில் ஒருவர் வாய் திறந்தால் அதுதான் விதி. நிறுத்திவைத்த நேரத்தில் பேசுவது குறிப்பேட்டில் ஏறாது. அந்த ஊரில் உருப்படியான பேச்செல்லாம் அந்த இடைவெளியில்தான் நடந்து, எழுதப்படாமலே போயிருக்கிறது. அன்றைய குறிப்பேட்டைப் புரட்டினால் ஜெரேனியம் பூந்தொட்டிகளைப் பற்றிய தீர்மானம் ஒன்றுதான் இருக்கும்.

வோரியாக்கிலிருந்து லோஸ்ரோல் நகரத்துக்குப் போகும் பதினோரு கிலோமீட்டர் சாலை, சைக்கிளில் வரும் வெளியூர்க்காரர்களுக்குப் போகும்போதும் இறக்கம், திரும்பும்போதும் இறக்கம். உள்ளூர்க்காரர்களுக்குப் போகும்போதும் ஏற்றம், திரும்பும்போதும் ஏற்றம். மோட்டார் வண்டிகளுக்கு அது குன்றுகளுக்கு நடுவே ஏறி இறங்கிப் போகும் சாதாரணச் சாலை. 2008இல் ஆள் போதவில்லை என்று பஸ்ஸை நிறுத்தினார்கள். கார் இல்லாதவர்கள் சைக்கிளை எடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்திலிருந்துதான் இது தொடங்கியது. முதலில் கவனித்தவர்கள் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. லோஸ்ரோலுக்கு மிதிக்காமல் போய், மிதிக்காமல் திரும்பி வந்தவர்கள், மதியம் குடித்த ஒயினின் வேலை என்று நினைத்தார்கள். மறுநாள் ஒயின் இல்லாமல் போய்ப் பார்த்தார்கள். அதற்கடுத்த கோடையில் நானூறு பேர் வந்தார்கள். பளபளக்கும் இறுக்கமான சட்டையும், பூனைநடை போட வைக்கும் காலணியுமாக வந்து, கல்லறைத் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ரொட்டிக்கடையில் பயண அட்டைக்கு முத்திரை வாங்கிக்கொண்டு, இந்த மௌனம் எவ்வளவு ஆழமானது என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பஸ் போயிற்று, பிறகு பள்ளிக்கூடம், பிறகு தபால் அலுவலகம், பிறகு பால் லாரி. ஒவ்வொன்றும் போனபோது கொஞ்சம் மௌனம் மிஞ்சியது. மாவட்டத்திலிருந்து ஒலி அளக்கும் கருவியோடு வந்தவர்கள் ஏழு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு பசுவைத் தவிர வேறு சத்தமில்லை என்று பதிவுசெய்து, 'அமைதிச் சாலை' என்று பலகை நட்டார்கள். மருத்துவர், தீயணைப்பு வண்டி, வைக்கோல் காலத்து டிராக்டர் தவிர மோட்டார் வண்டிகளுக்குத் தடை வந்தது. கார் வைத்திருந்தவர்களுக்கு நட்டமில்லை. நெடுஞ்சாலை வழியாக இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றி, பாட்டுக் கேட்டுக்கொண்டே போனார்கள். மேயரும் அப்படித்தான் போனார். கார் இல்லாத ஒன்பது பேர் மட்டும் தினமும் ஏறினார்கள்.

கிஸ்லேன் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. லோஸ்ரோல் முதியோர் இல்லத்தில் தரை துடைக்கும் வேலை. வேலைக்குப் போக ஒன்றே முக்கால் மணி நேரம் ஏறுவாள், எட்டு மணி நேரம் துடைப்பாள், வீட்டுக்கு வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஏறுவாள். எதிரே கைகளை விட்டுவிட்டுப் பறந்து வருகிறவர்கள் அவளைப் பார்த்து "சபாஷ்!" என்று கத்துவார்கள். அவள் தலையாட்டுவாள். பதினான்கு வருடத்தில் அவளுடைய இடது முழங்காலில் குருத்தெலும்பு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. இந்தக் குளிர்காலத்துக்குள் ஏறுவதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் நடப்பதே நின்றுவிடும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை அவள் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில் வைத்தாள்.

பழைய பள்ளிக்கூடத்தை வாங்கி சைக்கிள் விடுதியாக்கிய பாட்ரீஸ் பாரிஸ்காரர்; ஊருக்கு வந்து ஆறு வருடமாகியும் அவருக்குச் சாலை இறக்கமாகவே இருந்தது. தான் சரியாக மூச்சுவிடுவதுதான் காரணம் என்று அவர் விருந்தினர்களுக்கு விளக்குவார். கொராலிக்கோ, துலூசில் நான்கு வருடம் புவியியல் படித்தபோதும், வெள்ளிக்கிழமைதோறும் ரயிலிலிருந்து இறங்கி அழுக்குத்துணிப் பெட்டியோடு வந்த பதினோரு கிலோமீட்டரும் ஏற்றமாகவே இருந்தது. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள். பட்ட ஆய்வுக்கு அவள் அந்தச் சாலையையே எடுத்துக்கொண்டாள். மூன்று கோடைகாலம் மட்டமானியை வைத்துச் சரிவை அளந்து, உள்ளூர்க்காரர் ஒருவர் ஏறுகிற ஒவ்வொரு மீட்டரும் வெளியூர்க்காரர் ஒருவருக்கு இறக்கமாகப் போய்ச் சேருகிறது, ஒரு மீட்டர்கூட வீணாவதில்லை என்று நிரூபித்தாள். 'ஊர்ப்பாசம் தூக்கலாக இருக்கிறது' என்று குறிப்பெழுதி இருபதுக்குப் பன்னிரண்டு போட்டார்கள்.

ஊர்மன்றத்துக்கு இது ஆய்வில்லாமலே தெரியும். 2016இல் பனி இறுகிக் கிடந்த பத்து நாள், தீயணைப்பு வண்டி அந்த ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தது. பதினோராம் நாள் பனி உருகி, சைக்கிள்காரர்கள் வந்தபோது சாலை தட்டையாகக் கிடந்தது. 'சாதாரணச் சாலை' என்று ஒருவர் இணையத்தில் எழுதிவைத்தார். அந்த இரண்டு சொல்லை மேயரால் மூன்று மாதம் ஜீரணிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஊரில் பஸ் என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை.

"கொராலி, நீ படிச்ச பொண்ணு," என்றார் தெல்பூ, பேனாவை மூடியபடி. "பஸ் வந்தா ஒம்பது பேரும் பஸ்ல போவாங்க. அப்புறம் யார் ஏறுவா?"

"நீங்க ஏறுங்க."

"எனக்கு முதுகுவலி."

"எங்கம்மாவுக்கு முழங்கால். உங்க முதுகுக்கு மட்டும் கார் உண்டு, அவங்க முழங்காலுக்குப் பெடல்தானா?"

பாட்ரீஸ் இருக்கையில் முன்னால் சாய்ந்தார். "கோபம் புரியுது. ஆனா உங்கம்மா ஏறுறதுல ஒரு அழகு இருக்கு. என் விருந்தாளிங்க எல்லாரும் சொல்றாங்க, அவங்களப் பாத்தா ஒரு உத்வேகம் வருதுன்னு."

"அந்த உத்வேகத்த எடுத்துட்டுப் போய் நீங்க ஒரு நாள் அந்தத் தரையத் துடைங்களேன்."

மின்சார சைக்கிள் கொடுக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அதுவும் மோட்டார்தான், 'அமைதிச் சாலை' பலகை போய்விடும் என்று மேயர் மறுத்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. ஒரு பெஞ்சு போடலாம் என்றார். ஓக் மரத்தில், சரியாகப் பாதி வழியில், மேடம் பூஷேயின் பெயர் செதுக்கி. மன்றத்தில் நான்கு பேர் உண்மையிலேயே நெகிழ்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், படம் எடுக்கவும் வசதி என்றார் பாட்ரீஸ்.

தெல்பூ கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார். அவருக்குப் பதில் தெரிந்த கேள்வி அது. "கிஸ்லேன், நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு பஸ் வேணுமா?"

கிஸ்லேன் மடியிலிருந்த கைப்பையை நிமிர்த்தி வைத்தாள். "எனக்கு ஏறிப் பழக்கம்தான்," என்றாள். மேயர் கொராலியைப் பார்த்துச் சிரித்தார். கிஸ்லேன் முடிக்கவில்லை. "பெஞ்சு எத்தனாவது கிலோமீட்டர்ல, ஐயா?"

"அஞ்சரையில."

"சரி. உக்காந்து எந்திரிச்ச பெறகு?"

வெளியே ஒரு கூட்டம் சைக்கிள்கள் மிதிக்கப்படாத சக்கரங்களின் டிக்டிக் சத்தத்தோடு கடந்து போயிற்று.

"அம்மா," என்றாள் கொராலி. "லோஸ்ரோல்ல மருந்துக்கடைக்கு மேல ரெண்டு ரூம் வாடகைக்கு எடுத்திருக்கேன். உங்க இல்லத்துக்கு எதுத்தாப்ல. திங்கக்கிழமையே கையெழுத்துப் போட்டாச்சு."

"திங்கக்கிழமையேவா? அப்ப இங்க வந்து எதுக்குடி இவ்வளவு நேரம் கத்துன?"

"இவங்க வாயால கேக்கணும்னுதான்."

கிஸ்லேன் பெருமூச்சுவிட்டாள். அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். மேலங்கியை எடுத்து, ஒரு கையை நுழைத்தாள். மறு கையை நுழைக்காமல், புறப்படலாமா என்று யோசிப்பதுபோல நின்றாள். பிறகு அதையும் நுழைத்தாள்.

"மேடம், எட்டு பேரை வச்சுக்கிட்டு நான் ஜூலை மாசத்த எப்படி ஓட்டுறது?" என்றார் மேயர். இதுவும் குறிப்பேட்டில் இல்லை.

கொராலி கதவைச் சாத்தாமலே வெளியே வந்தாள். சுவரில் சாத்தியிருந்த சைக்கிளை நிமிர்த்தியபோது அது முன்பக்கம் இழுத்தது. ஏறி உட்கார்ந்தாள், மிதிக்கவில்லை, ரொட்டிக்கடை வந்தது, கல்லறைத் தோட்டம் வந்தது, ஊர்ப் பலகை வந்தது. சாலை முன்னால் சரிந்து கிடந்தது. பின்னால், அவளைவிட வேகமாக, அம்மாவின் சைக்கிள் வந்துகொண்டிருந்தது.

"ஏய், முன்னாடியிருந்து தள்ளிப் போடி!" என்று கிஸ்லேன் கத்தினாள். "எனக்கு பிரேக் பிடிச்சே பழக்கமில்ல!"