எட்டுப் பேருக்கும் தோன்றியது

லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு வாழ்க்கையில் பிடிக்காத ஒரே சொல் 'திடீரென்று'. இருபத்திரண்டு வருஷமாக அவர் செய்கிற வேலையே அந்தச் சொல்லை ஊரை விட்டு விரட்டுவதுதான். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, கம்பிக் கயிற்றை அளந்து, பிரேக்கைத் தட்டிப் பார்த்து, கதவு இடுக்கில் தன் கையையே விட்டுச் சோதித்து, இனி இங்கே எதிர்பாராதது எதுவும் நடக்காது என்று ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அதை லிஃப்டுக்குள்ளேயே மாட்டிவிட்டு வருவார். இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைத்து எழுந்து நிற்பவர்கள், லிஃப்ட் என்றதும் உட்கார்ந்துவிடுவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அதைவிடப் பெரிய வருத்தம், அவர் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட். வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்று தொலைக்கும். சொந்தக் கட்டடத்தைச் சோதிக்கக் கூடாது என்பது இலாகா விதி. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விதியாவது ஒன்றாவது! "என்ன சார், உங்க ஆள் இன்னைக்கும் மக்கர் பண்றாரே" என்று மாடிப்படியில் மூச்சிரைத்துக்கொண்டே கேட்பார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஜாஸ் வாசிக்கிற மகள் வாய்த்தாள். வயது பதின்மூன்று. வீட்டில் கூப்பிடுவது வாண்டு. அவள் வாசிப்பது டிராம்போன். அதன் நீளக் குழாயை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால்தான் சத்தம் ஏறி இறங்கும். வீட்டில் அவள் பயிற்சி செய்யும்போது யாரும் அவளுக்கு முன்னால் நடமாடுவதில்லை. அம்மா பல் மருத்துவமனையில் நர்ஸ். அழுகிற வாய்களைத் திறக்க வைத்தே பழகிய அவளே ஒரு நாள் முழங்கையில் குழாய் இடி வாங்கியிருக்கிறாள்.

கோடை விடுமுறையில், காலியாகக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம் ஜாஸ் முகாம் நடக்கும். கடைசி நாள் பெற்றோர்கள் முன்னால் கச்சேரி. அதில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று பன்னிரண்டு கட்டம் தனியாக வாசிக்க வேண்டும். கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை. காகிதம் கிடையாது, மனப்பாடம் கிடையாது. அந்த நொடியில் மனதில் என்ன தோன்றுகிறதோ அதுதான். அதுவே ஜாஸின் உயிர் என்பார் முகாமை நடத்துகிற மாஸ்டர். தலையில் எந்நேரமும் ஒரு தொப்பி இருப்பதால் அவருக்குத் தொப்பி மாஸ்டர் என்றே பெயர்.

போன வருஷம் வாண்டு எழுந்து நின்றாள். ஒன்றும் தோன்றவில்லை. பன்னிரண்டு நாலு நாற்பத்தெட்டு எண்ணிக்கை முழுக்க, டிராம்போனை உதட்டில் வைத்தபடி அப்படியே நின்றாள். கீழே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எண்ணினார். முப்பதாவது எண்ணிக்கையில் யாரோ சிரித்தார்கள். காரில் வீடு வரும்வரை அழுத பிள்ளை, இறங்கும்போது சொன்னாள்: "இதை வித்துடுங்கப்பா."

"இன்னும் ஒரே ஒரு வருஷம்டா. அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா, நானே வித்துடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சத்தியம் வருஷம் முழுக்க அவர் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்பது அவருக்கு உயிர். அதை அவர் அவளிடம் சொன்னதில்லை, மனைவியிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் முகாம் தொடங்கிய நாளில் தொப்பி மாஸ்டர் பிள்ளைகளுக்கு மாதிரி காட்டினார். "என்னைப் பாருங்க. இப்ப நான் என்ன வாசிக்கப் போறேன்னு எனக்கே தெரியாது!" கண்ணை மூடினார். ட்ரம்பெட்டைத் தூக்கினார். மூன்று தடவை கீச்சென்று மேலே போனார், நடுவில் ஒரு தடவை இருமினார், தோளை ஒரு குலுக்குக் குலுக்கி, பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தில் முடித்தார். பெற்றோர்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவரவர் பிள்ளையைப் படம் பிடிக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார். மாஸ்டரைப் பார்த்து நிற்பது தன்னுடைய போன் மட்டும்தான் என்றும் நினைத்தார்.

அன்று மாலை அவர், போன வருஷம் மாஸ்டர் மாதிரி காட்டியபோது பிடித்து வைத்திருந்த பதிவைத் தேடி எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்து ஓட விட்டார். மூன்று கீச், இருமல், தோள் குலுக்கல், பெருமூச்சு. மயிரிழை வித்தியாசமில்லை. இருமல்கூட ஏழாவது கட்டத்தில் சொல்லி வைத்த மாதிரி வந்தது. இன்ஸ்பெக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆக, இதற்கும் ஒரு விதிமுறைப் புத்தகம் இருக்கிறது! இத்தனை நாள் யாரும் கண்ணில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

மனைவி இரண்டையும் கேட்டாள். "ஏங்க, அப்ப இது தோணுறது இல்லையே. மனப்பாடம்தானே?"

"முப்பது வருஷ அனுபவம்மா. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அதேதான் தோணுது."

"இருமலுமா?"

அவர் அதற்குள் போனில் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தார். சத்தத்தை அனுப்பினால் இசைக் குறிப்பாக எழுதித் தரும் ஆள் ஒருவர் இணையத்தில் இருந்தார். இரண்டு நாள் ஆகும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அனுப்பிய நாலாவது நிமிஷம் எழுதிய தாள் வந்து நின்றது. என்ன வேகம், என்ன திறமை என்று அசந்து போனார். ஏன் அவ்வளவு வேகம் என்று யோசிக்கத் தோன்றவில்லை. லிஃப்ட் இவ்வளவு வேகமாக வந்திருந்தால் கட்டாயம் யோசித்திருப்பார்.

வாண்டு தாளைப் பார்த்து முகம் சுளித்தாள். "இது ஏமாத்துறது இல்லையாப்பா?"

"கைப்பிடிடா. சும்மா பிடிச்சுக்கிறதுக்கு. லிஃப்டுல வச்சிருக்கோமே, அந்த மாதிரி. விழமாட்டேன்னு தெரிஞ்சாலும் பிடிச்சுக்கறோம் இல்ல?"

போன வருஷத்து நாற்பத்தெட்டு எண்ணிக்கை அவளுக்கும் மறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தாள். பத்து நாளில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் வாசித்தாள். தோளைக் குலுக்க மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள்.

கச்சேரி நாள் வந்தது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மொத்தம் எட்டுப் பிள்ளைகள். பின்னணிக்கு, மாஸ்டரின் பழைய மாணவனான ஒரு டிரம்ஸ்காரத் தம்பி. குழாய் யார் மேலும் படக்கூடாது என்று வாண்டுவைக் கடைசி வரிசையில், ஓரத்தில் போட்டிருந்தார்கள். அதனால் அவள் முறை எட்டாவது. தனி வாசிப்புத் தொடங்குமுன் மாஸ்டர் கையை விரித்தார். "இதுவரைக்கும் உலகத்துல யாரும் கேட்காத இசையை இப்ப கேக்கப் போறீங்க!"

முதலில் ஒரு ட்ரம்பெட் பையன் எழுந்தான். மூன்று தடவை கீச்.

இன்ஸ்பெக்டருக்குத் திக்கென்றது. யாரோ எங்கள் தாளைத் திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். ஏழாவது கட்டத்தில் பையன் நிறுத்தி, இருமி, மேலே தொடர்ந்தான். இரண்டாவது, சாக்ஸபோன் பெண். மூன்று கீச், ஓர் இடைவெளி, தோள் குலுக்கல், பெருமூச்சு. மூன்றாவதும் அதே. அப்போதுதான் அவர் சுற்றிலும் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு அப்பா வாயசைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஒரு அம்மா மடியில் தாளை வைத்துக்கொண்டு விரலால் வரி வரியாகத் தொடர்ந்துகொண்டிருந்தாள். தாளின் மூலையில் அதே ஆளின் அதே முத்திரை. நாலு நிமிஷத்தில் தாள் வந்த ரகசியம் அங்கே அவருக்கு விளங்கியது.

நாலாவது பிள்ளை வாசிக்கும்போது கூட்டம் கீச் வருகிற இடத்துக்குக் கை தட்டத் தொடங்கியது. ஐந்தாவதற்குக் கூடவே பாடியது. கச்சேரியின் முக்கியமான பாட்டே இதுதான் என்று தாத்தாமார்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஆறாவது பியானோ. பியானோவில் கீச் வராது. ஆனாலும் பெற்றவர்கள் விடுவார்களா, அந்தப் பிள்ளை கடைசிக் கட்டையை மூன்று தடவை குத்தியது. தொப்பி மாஸ்டர் மட்டும் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட அவருக்குச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை.

ஏழாவது கிளாரினெட் பாதியில் இருந்தபோது இன்ஸ்பெக்டர் வாண்டுவைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. இப்போது அவள் அதையே வாசித்தால் எட்டாவது நகல். கூடம் கூடவே பாடிச் சிரிக்கும். வாசிக்காவிட்டால் நாற்பத்தெட்டு எண்ணிக்கை மௌனம். நல்லது செய்வதாக நினைத்துப் பிள்ளையை இப்படி நடுவில் மாட்டிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். எது வேண்டாம் என்று அவருக்கே தெரியாதபோது அவளுக்கு என்ன புரியும்?

வாண்டு எழுந்தாள். டிராம்போனை உதட்டில் வைத்தாள். டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்றும் வரவில்லை. இரண்டாவது கட்டமும் போயிற்று. மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். யாரோ உதவுவதாக நினைத்துக்கொண்டு முதல் கீச்சைப் பாடிக் காட்டினார்கள். கூடம் சிரித்தது. மூன்றாவது கட்டமும் போயிற்று. எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று இன்ஸ்பெக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அப்போது டிராம்போனின் அடித்தளத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தாழ்ந்து, முக்கி முனகி, விருப்பமே இல்லாமல் மேலே ஏறியது. ஓர் இடத்தில் நின்றது. டிரம்ஸ்காரத் தம்பி என்ன நினைத்தானோ, பித்தளைத் தட்டில் ஒரு தட்டுத் தட்டினான், டிங். மறுபடி ஏறியது. டிங். மறுபடி. டிங். அதற்கு மேல் ஏறப் பார்த்து, பாதியில் ஒரு குலுங்கு குலுங்கி, மாட்டிக்கொண்டு, அங்கேயே நடுங்கி நின்றது.

இன்ஸ்பெக்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில்! அந்த நடுக்கத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? மாட்டிக்கொண்ட சத்தம் கொஞ்சம் கெஞ்சியது, கொஞ்சம் திட்டியது, பொத்தானைக் குத்துகிற மாதிரி குட்டிக் குட்டியாகக் குத்திப் பார்த்தது, கடைசியில் நீளமாகச் சறுக்கிக் கீழே வந்து தரைத்தளத்தில் ஒரு பெரிய டிங்குடன் நின்றது. கூடம் சிரித்தது. இந்தத் தடவை அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவளோடு சேர்ந்து சிரித்தது. வாண்டுவும் சிரித்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் அழுதார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மனைவியின் துப்பட்டாவைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதார்.

முடிவில் மாஸ்டர் தாமே ட்ரம்பெட்டை எடுத்தார். "பசங்க என்னை உசுப்பி விட்டுட்டாங்க. இப்ப என் மனசுல என்ன வருதோ பார்ப்போம்!" கண்ணை மூடினார். மூன்று தடவை கீச். கூடமே சேர்ந்து பாடியது. ஏழாவது கட்டத்தில் எல்லோரும் சேர்ந்து இருமினார்கள். தம் இசை மக்களை இப்படிச் சட்டென்று பற்றிக்கொண்டதே என்று மாஸ்டர் நெஞ்சில் கை வைத்து நெகிழ்ந்தார்.

எட்டுப் பிள்ளைகளுக்கும் 'சுயமாக வாசித்தமைக்கு' என்று அச்சடித்த சான்றிதழ் கொடுத்தார்கள். வாண்டுவுடையதைக் கொடுக்கும்போது மாஸ்டர் இன்ஸ்பெக்டரைத் தனியாக அழைத்தார். "கெட்டிக்காரப் பொண்ணுதான். ஆனா கொஞ்சம் அடக்கி வைங்க சார். இப்படி இஷ்டத்துக்கு வாசிக்கிறது ஜாஸ் ஆகாது. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

பத்து நாளைக்கு முன்னால் என்றால் இன்ஸ்பெக்டர் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டியிருப்பார். இப்போது, "அந்த இருமலுக்கு நல்ல டாக்டரா பாருங்க மாஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வாசலில் மற்றப் பெற்றோர்கள் மொய்த்துக்கொண்டார்கள். "சார், உங்க பொண்ணு வாசிச்சதை ரெக்கார்டு பண்ணீங்களா? எனக்கு அனுப்புங்களேன். அடுத்த வருஷத்துக்கு இப்பவே ஆரம்பிச்சா சரியா இருக்கும்." இன்ஸ்பெக்டர் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். மகளின் முதல் நடையிலிருந்து பல் விழுந்தது வரை பதிவு செய்து வைத்திருக்கிற மனிதர், இதைப் பதிவு செய்யவில்லை. கை மனைவியின் பிடியில் இருந்தது. "இல்லீங்க" என்றார். அதைச் சொல்வது அவருக்கே ஆச்சரியமாக, சுகமாக இருந்தது.

வீட்டுக் கட்டடத்தில் மூவரும் லிஃப்டில் ஏறினார்கள். நடுவில் டிராம்போன் பெட்டி. மூன்றாம் மாடி தாண்டியதும் லிஃப்ட் குலுங்கி, முனகி, நின்றது.

"ஆரம்பிச்சிருச்சு" என்று அம்மா அவசர மணியை அழுத்தினாள். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று மெக்கானிக்கின் குரல் கரகரத்தது.

வாண்டு சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, நான் தப்பா வாசிச்சிருக்கேன். நடுங்குறது இன்னும் கீழ இருக்கு. கேளுங்க."

அவர் கேட்டார். ஆமாம், இன்னும் கீழேதான் இருந்தது.

"விக்கணும்னு சொன்னோமே, அது..." என்று இழுத்தாள்.

"பெட்டியைத் திற" என்றார்.

ஆறு பேர் நிற்க அனுமதிக்கப்பட்ட அந்த லிஃப்டுக்குள் டிராம்போனை முழுசாக நீட்ட இடமில்லை. அம்மா ஒரு மூலைக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் எதிர் மூலையில் வயிற்றை எக்கிக்கொண்டு பல்லியாய்ச் சுவரோடு ஒட்டினார். வாண்டு குழாயை மெல்ல நீட்டினாள். அது அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தாழ்ந்த சத்தம் கிளம்பியது. மெக்கானிக் கொஞ்சம் தாமதமாகவே வரட்டும் என்று, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, லிஃப்ட் இன்ஸ்பெக்டர் மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.