விபத்தில்லா நாட்கள்: 26

பீ...ஈ...ப்!

விசில் சத்தம் கேட்டதும் மச்சான் தலை நிறைய ஷாம்பு நுரையோடு குளியலறையை விட்டு ஓடி வந்தான். சமையலறையில் அவன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். இருவரும் ஹாலில் மஞ்சள் டேப் ஒட்டிய கட்டத்துக்குள் நின்றார்கள்.

"முப்பத்தோரு விநாடி," என்றார் சேஃப்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து. "நேத்தைவிட நாலு விநாடி லேட்டு."

"மாத்திரை போடப் போறது நீங்க. நான் எதுக்கு மாமா ஓடி வரணும்?"

"சாட்சிக்கு."

பெயின்ட் ஃபாக்டரியில் இருபத்திரண்டு வருஷமாகப் பாதுகாப்பு அதிகாரி. சேஃப்டி என்பதுதான் அங்கே அவர் பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. புற்றுநோய்க்கு வீட்டிலேயே தினம் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபோது, வேறு யாராவது என்றால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். இவர் லீவு போட்டுவிட்டு நோட்டீஸ் அச்சடித்தார்.

மாத்திரை டப்பாவில், 'மற்றவர்கள் வெறும் கையால் தொடாதே, உடைக்காதே, பொடிக்காதே'. கழிப்பறையில், 'மூடியை மூடு, இரண்டு முறை தண்ணீர் விடு'. அந்த விதி நோயாளிக்குத்தான். பயந்துபோன மச்சான் தானும் இரண்டு முறை விட்டு, மொட்டைமாடித் தொட்டியை வாரத்தில் மூன்று நாள் காலி செய்தான். பழக்கூடையில் 'பம்ப்ளிமாஸுக்கு அனுமதி இல்லை' என்று ஓர் அட்டை. மாத்திரையோடு அது சேராதாம். ஆனால் அந்தப் பழத்தை இந்த வீட்டில் யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மருந்துக் கையேட்டிலிருந்து பரீட்சையும் வைத்தார். மனைவி தொண்ணூற்றிரண்டு மார்க். மச்சான் முப்பது. மறுதேர்வில் பாஸ்.

எல்லாவற்றுக்கும் மேலே, டிவிக்குப் பக்கத்தில் அந்தப் பலகை. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே தினமும் ஒரு எண்ணைக் கூட்டுவார். மாத்திரை தவறினாலோ, ஆஸ்பத்திரியைக் கூப்பிடும்படி ஏதாவது ஆனாலோ பூஜ்யம். இன்று காலை அதில் 26 இருந்தது. மாத்திரை உள்ளே போனதும் 27 ஆக வேண்டும்.

"முதல்ல டெம்பரேச்சர்," என்று அறிவித்துவிட்டு, சேஃப்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடக், முடக் என்று சத்தம்.

"என்ன மாமா மெல்லறீங்க?"

"பல்லுக்குப் பயிற்சி."

தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்து எடுத்து, தானே நோட்டில் எழுதப் போனார். மனைவி எட்டிப் பார்த்தாள். முப்பத்தேழு செல்சியஸ் இருக்க வேண்டிய இடத்தில் 34.1.

"அக்கா," என்றான் மச்சான், குரலைத் தாழ்த்தி. "மாமா உயிரோடதானே இருக்காரு?"

அவள் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள். 'கண்ணாடியைப் பார்த்துட்டுதான் திரும்பினேன் மேடம்' என்று கூசாமல் புளுகுகிறவர்களைத் தினம் பத்துப் பேர் பார்க்கிறாள். நேராக அவர் நெற்றியில் கை வைத்தாள்.

"ஏய், கையுறை! கையுறை போடாம தொடாதே!"

"கையுறை மாத்திரையைத் தொட. புருஷனைத் தொட இல்ல. மூணாவது பக்கம், ரெண்டாவது பாரா." நெற்றி சுட்டது. "வாயைத் திறங்க."

திறந்தார். கரையாத ஐஸ் கட்டி ஒன்று கன்னத்துக்குள் ஒளிந்திருந்தது.

அக்குளில் வைத்துப் பார்த்தார்கள். 38.6.

"எப்பலேர்ந்து?"

"நேத்து மத்தியானம். லேசாத்தான்."

"முப்பத்தெட்டு தாண்டினா உடனே ஆஸ்பத்திரியைக் கூப்பிடணும்னு சிவப்புல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினது யாரு?"

"இது விபத்துல சேராது," என்றார் சேஃப்டி கெஞ்சலாக. "விபத்து ஆகப் பார்த்துச்சு, ஆகல. அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு. ஒரு பாரசிட்டமால் போட்டா இறங்கிடும்."

"கேக்காம போடக்கூடாது!" என்று மச்சான் கத்தினான். "காய்ச்சல் மறைஞ்சுடும், உள்ள இருக்கற கிருமி மறையாது! இதுக்குத்தான் மாமா எனக்கு மறுதேர்வு வெச்சீங்க!"

ஃபாக்டரியில் இதே போன்ற பலகை நூறை நெருங்கும்போதெல்லாம், நசுங்கிய விரலைப் பேன்ட் பைக்குள் மறைத்துக்கொண்டு சிரித்தபடியே போவார்கள் சிலர். "பலகை முக்கியமா, விரல் முக்கியமா?" என்று அவர்களை வாசலிலேயே பிடித்து வறுத்தெடுப்பவர் இவர். அதே மனிதர் இப்போது தெர்மாமீட்டரைச் சட்டைப் பைக்குள் செருகப் பார்த்தார்.

"அங்கேயே நில்லுங்க!" என்றாள் அவள், மாணவனிடம் பிரேக் போடச் சொல்லும் குரலில். நின்றார். அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

விவரம் கேட்ட நர்ஸின் குரலில் அவசரம் ஏறியது. "இன்னிக்கு மாத்திரை போட்டாச்சா? இல்லையா? நல்லது, போடாதீங்க. உடனே கிளம்பி அவசரப் பிரிவுக்கு வாங்க. வாசல்லயே மாத்திரை பேரைச் சொல்லுங்க, க்யூவுல நிக்காதீங்க."

மச்சான் நுரைத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கார் சாவியைத் தேடினான். அவள் மாத்திரை டப்பாவைக் கையுறை போட்டு எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"சார், நீங்களா இது?" என்றாள் ஸ்பீக்கரில் நர்ஸ், பதிவில் பெயரைப் பார்த்துவிட்டு. "போன வாரம் போன் பண்ணி, எங்க வார்டு தீயணைப்பு சிலிண்டர் காலாவதி ஆயிடுச்சான்னு விசாரிச்சீங்களே, அந்த சார்தானே? அதுக்கெல்லாம் கூப்பிடறீங்க, நேத்துக் காய்ச்சலுக்கு ஏன் கூப்பிடல?"

சேஃப்டி ஒரு கால் செருப்பை மாட்டியபடி பலகையைப் பார்த்தார்.

"பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சா, மறுபடி இருபத்தாறு வரைக்கும் எண்ண எனக்கு நாள் இருக்குமான்னு தெரியலம்மா."