பொட்டு வெச்ச தட்டு

எம்பேரு லூர்துசாமி. வூடு நொச்சிக்குப்பம். அடையாறுல ஒரு ஆராய்ச்சி லேப்ல பன்னெண்டு வருசமா ஃபர்னஸ்னு சொல்ற சூட்டு உலையப் பாத்துக்கினு கீறேன். அதோட கதவ எவனாவது டமார்னு சாத்துனா எனக்குக் கெட்ட கோவம் வரும், ஆமா.

அங்க ஷண்முகப்ரியான்னு ஒரு பொண்ணு பிஎச்டி பண்ணுது. நாலு மாசம் குந்திக்கினு உள்ளங்கை அளவு ஒரு பீங்கான் தட்டு செஞ்சுது. ஆயிரத்து முன்னூறு டிகிரி சூட்டுலயும் உருகாது, வெடிக்காது. மேல பொடிப்பொடியா கோடு இழுத்துக்கீது, சூட்டுல அது பழுத்து ஜொலிக்கும். அந்த வெளிச்சத்த எதிர்ல கீற சின்ன சோலார் செல்லு கரண்டா மாத்தும். அந்தக் கரண்டுல ஒரு குட்டி ஃபேன் சுத்தணும். திங்கக்கிழமை பாக்க வர்ற, காசு குடுக்குறவங்க முன்னாடி சுத்தலன்னா ப்ராஜெக்டுக்குப் பூட்டு. இருந்தது அந்த ஒரு தட்டுதான்.

வெள்ளிக்கிழமை லேப்ல ஆயுத பூஜை. கோயிலுக்குப் போறவங்க எத்தினி பேரு இருந்தாலும் ஃபர்னஸுக்குப் பொட்டு வெக்கிறது மாதா கோயிலுக்குப் போற நான்தான். எனக்குக் கஞ்சி ஊத்துறது அதானே. குஷியில ஸ்பேனரு, இடுக்கி, தராசுன்னு ஒண்ணையும் வுடல. சந்தனம் கொழச்சு வெச்சு, மேல குங்குமமும் அப்பிட்டேன்.

திங்கக்கிழமை காலைல தட்டு வெச்ச டப்பாவத் தொறந்தா, தட்டுக்கு நடு நெத்தியில என் பொட்டு. அடப்பாவி லூர்து, குஷியில இதுக்கும் வெச்சுட்டியேடா! தொடச்சுப் பாத்தேன், தட்டு அத உள்ள குடிச்சிடுச்சு. சந்தனம் எரிஞ்சு பூடும், குங்குமத்துல கீற சுண்ணாம்பு தங்கிடும். அந்த எடம் ஒழுங்கா ஜொலிக்காது.

யாரும் பாக்கல. கம்முனு ஃபர்னஸுக்குள்ள தள்ளியிருக்கலாம், நெனைக்கவும் செஞ்சேன். அப்பப் பாத்து அந்தப் பொண்ணு, சாப்டீங்களாண்ணேன்னு கேட்டுக்கினே வந்துது. மனசு கேக்கல, சொல்லிட்டேன்.

அதுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் தட்டத் திருப்பிப் பாத்துது. பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே பொடிப்பொடியா கோடு, ஆனா கோணல்மாணலா. கை பழகுறதுக்கு மொதல்ல அந்தப் பக்கம்தான் இழுத்துதாம். வெக்கப்பட்டுக்கினு யாருக்கும் காட்டலயாம்.

"இந்தப் பக்கம் செல்லப் பாத்தாப்ல வெச்சு ஏத்துங்கண்ணே. வர்றது வரட்டும்."

மெள்ள மெள்ளதான் சூடேத்தணும். மூணு மணிக்கு எல்லாரும் வந்து நின்னாங்க. தட்டு மஞ்சளா பழுத்துடுச்சு, ஃபேன் அசையல. மாதாவே, தப்பு என்னுது, அந்தப் பொண்ணத் தண்டிக்காதன்னு வேண்டிக்கினேன். ஃபேன் ஒரு வெட்டு வெட்டுச்சு. நின்னுச்சு. அப்புறம் புடிச்சுது பாரு ஒரு சுத்து! அந்தப் பொண்ணு வாயப் பொத்திக்கினு அழுவுது, நானும் அழுவுறேன்.

மறுநாள் ஆறுன தட்ட எடுத்தேன். பொட்டு இருந்த எடத்துல வெள்ளையா ஒரு வட்டம். தேச்சு எடுக்கலாம்னு உப்புத்தாளத் தேடுனேன். அந்தப் பொண்ணு கையப் புடிச்சுக்கிச்சு.

"வுடுங்கண்ணே, இருக்கட்டும். அடுத்த தட்டுக்கும் நீங்கதான் பொட்டு வெக்கணும். எந்தப் பக்கம்னு மட்டும் நான் சொல்றேன்."

சந்தோசத்துல ஃபர்னஸ் கதவ நானே டமார்னு சாத்திட்டேன்.