வந்து சேர்ந்த வண்டி

ரயில் நிலையத்தின் பழைய போட்டோவைக் கையில் வாங்கிய உடனேயே அவள் சொல்லிவிட்டாள்: "இது வண்டி இல்லீங்க. வீடு."

மாதிரி ரயில் மன்றத்தில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மன்றம் என்றதும் பெரிய கட்டடமாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பேப்பர் கடையின் மாடி, அறையை அடைத்துக்கொண்டு ஒரு நீள மேசை, அவ்வளவுதான். மேசைமேல் அந்த ஊரின் பழைய ரயில் நிலையம், பெட்டிகளும் கட்டடங்களுமாகக் கைக்கடக்கமாக உருவாகிக்கொண்டிருந்தது. கடை முதலாளிதான் மன்றத் தலைவர். அங்கே கிடந்த தண்டவாளம் முழுக்க அவர் கைவேலை. அடிக்கட்டைகளைத் தீக்குச்சி கனத்தில் அறுத்து, சாயமேற்றி, ஒவ்வொன்றாக ஒட்டியிருந்தார். அதில் ஒரு தூசி விழுந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

அவளுக்கு மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கும் தொழில். மன்றத்தில் அவள் பெயர் உடைசல்காரி. யாருடைய பெட்டி உடைந்தாலும் குப்பைக்குப் போகும் வழியில் அவள் பைக்குள் போய்விடும். கொஞ்ச நாளில் வேறொரு பெட்டியாகவோ, ஒரு சின்னக் கிடங்காகவோ திரும்பி வரும். மாத்திரை அட்டையின் தகடு கூரையாகும். ரவிக்கைக் கொக்கி பெட்டிக்கும் பெட்டிக்கும் இணைப்பாகும். கண்ணாடிக் கால் மடங்கும் கீல் கதவுக்குப் போகும். கிண்டலுக்கு வைத்த பெயரை அவள் பட்டமாக எடுத்து மாட்டிக்கொண்டு வருஷக்கணக்காகிறது.

"நல்லாப் பாரும்மா" என்றார் தலைவர். "கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால வரிசையா ஆறு வேகன் நிக்குது. அதைத்தான் செஞ்சு தரச் சொல்றேன். லைன்கூடப் போட்டுட்டேன்."

"அங்க லைனே கிடையாதுங்க. ஓடித் தேஞ்ச வேகனைச் சக்கரத்தைக் கழட்டி, செங்கல் மேல உக்கார வச்சு, மூட்டை தூக்குற குடும்பங்களுக்குக் குடுத்தாங்க. அடியில புல்லு மறைக்குது, அதான் உங்களுக்குத் தெரியல. இடது பக்கத்துல ரெண்டாவது எங்க வீடு. நான் பொறந்ததே அதுக்குள்ளதான்."

"அப்போ பொறக்கும்போதே டிக்கெட் இல்லாத பயணமா?" என்றார் மேசைக்கு ஒயர் இழுக்கும் ஒயர்மேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்திருப்பாள், தலைவர் அடுத்ததாக வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

"வேகனுக்குள்ள எந்த மனுஷன்மா குடித்தனம் பண்ணுவான்?"

"இந்தக் கயிறு துணி காயப்போட்ட கொடி. இந்தக் குழாய் அடுப்புப் புகைக்கு."

"அது தார்ப்பாய் கட்டுற கயிறு. குழாய் ஏதோ வேகன் சாமான். நீ சொல்றேங்கிறதுக்காக நான் போட்ட லைனைப் பிடுங்க முடியுமா? ஒரு வாரம் முதுகு ஒடியப் போட்டது!"

ஆக, விஷயம் அதுதான். மனுஷர் முதுகு வலியை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் "எந்த மனுஷன்" என்ற அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. அம்மா, அப்பா, அக்கா, அவள் என்று நாலு மனுஷர்கள் அதற்குள் சமைத்து, சாப்பிட்டு, சண்டை போட்டு, தூங்கியிருக்கிறார்கள். அவர்களை மனுஷர் கணக்கில் சேர்க்காமல் மேசை வேலையை முடித்துவிட அவள் விடுவதாக இல்லை.

"செய்யறேன்" என்றாள். "ஆனா வீடாத்தான் செய்வேன்."

மன்றம் கழித்துக்கட்டிய பெட்டிகளையே எடுத்துக்கொண்டாள். அச்சு முறிந்தவை, இனி ஓடாது என்று டப்பாவில் போடப்பட்டவை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை நடந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த பழைய எண்களைச் சுரண்டினாள். முழுசாக அல்ல, பாதி தெரியும்படி. அவள் வீட்டுச் சுவரிலும் அப்படித்தான் இருந்தது. தீர்ந்த பேனா ரீஃபிலை வெட்டிப் புகைக்குழாய் வைத்தாள். சிவப்பு அழிப்பானை நறுக்கிச் செங்கல் அடுக்கினாள். கைக்குட்டை ஓரத்திலிருந்து வாசல் திரை. அந்த நாளில் அம்மா தகரத்தில் பொத்தல் போட்டுத் திறந்த ஜன்னலை ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் திறந்தாள். ரெண்டாவது வீட்டுக் கூரைமேல் மட்டும் பச்சை நூலில் ஒரு பூசணிக் கொடி ஏறியது.

அந்தக் கொடியில் பூ வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா வந்து நின்றாள். வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டவள் அக்கா. மகனுக்கும் கல்யாணம் முடிந்து, சம்பந்தி வீட்டாரோடு நல்ல புழக்கம். மேசையில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னடி இது?"

"உனக்கே தெரியலையா?"

"தெரியறதாலதான் கேக்கறேன். இதைப் போய் நாலு பேர் பார்க்கிற இடத்துல வைக்கப்போறியா? சம்பந்திக்கு ரயில்னா உசிரு. திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோட வர்றார். நமக்குத் தோட்டத்தோட குவார்ட்டர்ஸ் இருந்துச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்டி."

"பொய் இல்லையே. தோட்டம் கூரைமேல இருந்துச்சு, அவ்வளவுதான்."

"என் மானத்தைக் கப்பலேத்தாம விடமாட்டே."

"கப்பல் என் கையில இல்லக்கா. ரயில்தான் இருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் கலங்கியது. "எத்தனை வருஷமா நான் மூடி வச்சது தெரியுமா? தயவுசெஞ்சு சாதாரண வேகனாச் செஞ்சு குடுத்துடு. உனக்கென்ன நஷ்டம்?"

"வீடு நஷ்டம்" என்றாள் தங்கை. அக்காவை அழவைப்பது அவளுக்கு எப்போதும் பிடிக்காத காரியம். இருந்தாலும் கையிலிருந்த பூவை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

போகும்போது அக்கா வாசலில் ஒரு தடவை திரும்பி அந்தப் பூசணிக் கொடியைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஆறு வீடுகளையும் செருப்புப் பெட்டியில் அடுக்கி மாடிக்குக் கொண்டுபோனாள். தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வேலையை ரசிக்கத் தெரிந்தவர்தான். புகைக்குழாயை விரலால் தொட்டுப் பார்த்து "அடடா" என்றுகூடச் சொல்லிவிட்டார். பிறகு கவிழ்த்துப் பார்த்தார்.

"சக்கரம் எங்க?"

"கழட்டிட்டாங்கன்னு சொன்னேனே."

"லைன் மேல சக்கரமில்லாத வண்டியா? பார்க்கிறவன் காறித் துப்புவான். ஒண்ணு சக்கரம் மாட்டு, இல்ல எடுத்துட்டுப் போ. என் அலமாரியில ஆறு தகர வேகன் சும்மா கிடக்கு, அதை நிறுத்திக்கிறேன்."

அவளுக்கு வந்த கோபத்துக்குச் செருப்புப் பெட்டியோடு படியிறங்கியிருக்க வேண்டும். ஆனால் அவள் இறங்கினால் அந்தத் தகர வேகன்கள் ஏறிவிடும். அப்புறம் அந்த இடத்தில் யாரும் வாழவே இல்லை என்று ஆகிவிடும்.

"சக்கரம்தானே, மாட்டறேன்" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது நகராது."

"அட, உன் மனசு எனக்குத் தெரியாதா!" என்று தலைவர் பெரிய மனது பண்ணிச் சிரித்துவிட்டு, அழைப்பிதழ் வேலையாகக் கீழே போனார்.

எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சக்கரம் மாட்டினாள். செங்கல்லைப் பிரித்தபோது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆறையும் பின் தண்டவாளத்தில் நிறுத்தினாள். அதற்கப்புறம் ஒயர்மேனிடம் துளை போடும் கருவியைக் கேட்டாள். மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, இரண்டு கம்பிக்கும் நடுவே துளையிட்டு, ஒவ்வொரு வீட்டின் தரையிலும் கீழிருந்து திருகாணியை ஏற்றி முறுக்கினாள்.

"தலைவர் என் தோலை உரிச்சிடுவார்" என்றார் ஒயர்மேன், விளக்கைப் பிடித்துக்கொண்டே.

"நகராதுன்னு அவர்கிட்டச் சொல்லிட்டுத்தானே செய்யறேன்? அவர் காதுல வாங்கலைன்னா நான் என்ன பண்ண? இன்னொரு திருகாணி குடுங்க."

மறுநாள் மாடி கொள்ளாத கூட்டம். அக்கா வந்திருந்தாள். கடைசி வரிசையில், சம்பந்தி வீட்டாருக்குப் பின்னால், தூணோடு தூணாக நின்றாள். தங்கை பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைவர் புதுச் சட்டையில், வண்டிகளை ஓட்டும் மின்சாரக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். பயணிகள் வண்டி வந்தது, நின்றது, கைதட்டல். கூட்ஸ் வண்டி சுற்றி வந்தது, இன்னும் பெரிய கைதட்டல். அதோடு நிறுத்தியிருக்கலாம். உற்சாகத்தில் மனுஷருக்குக் கை நிற்கவில்லை.

"இப்போ பாருங்க, பின் லைன்ல நிக்கிற வேகன்களை நம்ம என்ஜின் இழுத்துட்டு வரும்!"

என்ஜின் பின்னோக்கிப் போய் முதல் வீட்டின் கொக்கியில் மாட்டியது. தலைவர் குமிழைத் திருப்பினார். என்ஜின் முக்கியது. சக்கரம் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். என்ஜின் உறுமியது, லேசாகக் கருகல் வாடை வந்தது. ஆறில் ஒன்றுகூட அசைந்து கொடுக்கவில்லை. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஐயா" என்றாள் அவள், கூட்டத்துக்கே கேட்கும்படி. "வீட்டை இழுத்தா வருமா?"

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. அவள் குரலை இறக்கவில்லை. "இது ஆறும் வண்டி இல்லீங்க. மூட்டை தூக்கினவங்க குடியிருந்த வீடு. என்ஜின் டிரைவருங்க எங்க அப்பாவைக் கிண்டல் பண்ணுவாங்க, உன் வீடு எத்தனை மணிக்குக் கிளம்புதுன்னு. எங்க வண்டி வந்து சேர்ந்தாச்சு, இனிமே கிளம்பாதுன்னு சொல்லுவார். நேத்தே இவர்கிட்டச் சொன்னேன், இது நகராதுன்னு."

"சின்னக் கோளாறு, பசை ஒட்டிக்கிச்சு" என்றார் தலைவர். அவர் முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியது. "வேகனுக்குள்ள மனுஷங்க இருந்தாங்களாம், கதை விடுது இந்தம்மா. இப்பப் பிடுங்கிடறேன்." குனிந்து, கைக்கு எட்டிய ரெண்டாவது வீட்டைக் கூரையோடு சேர்த்துப் பிடித்தார். பூசணிக் கொடி அவர் விரலுக்கடியில் நசுங்கியது. அவள் மேசையைச் சுற்றி ஓடினாள். கூட்டம் வழிவிடவில்லை.

"கையை எடுங்க!"

அவள் குரல் இல்லை அது. கடைசி வரிசையிலிருந்து வந்தது. அக்கா சம்பந்தியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, பட்டுப்புடவை கசங்க, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கையை எடுங்கன்னு சொல்றேன்ல? அது எங்க வீடு."

தலைவர் கை தானாக விலகியது. "எங்க வீடு" என்றாள் அக்கா மறுபடியும், இந்தத் தடவை சம்பந்தியைப் பார்த்து. "நானும் இவளும் இதுக்குள்ளதான் வளர்ந்தோம். இந்தக் கொடி நான் வச்சது."

சம்பந்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "காய் காய்ச்சுதாம்மா?" என்று கேட்டார்.

"காய்க்காம? அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுத்தோம்." அக்காவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. துடைக்கவில்லை. நசுங்கிய கொடியை நகத்தால் மெல்ல நிமிர்த்திவிட்டாள். பிறகு தங்கை பக்கம் திரும்பி, சின்ன வயதில் அதட்டிய அதே குரலில் அதட்டினாள்.

"திரை நீலமாடி நம்ம வீட்டுக்கு? பச்சைடி!"

"நீலந்தான்."

"பச்சைங்கிறேன். அதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல அந்தச் சக்கரத்தைக் கழட்டு. வீட்டுக்கு எதுக்குச் சக்கரம்?"

தலைவர் தன் தண்டவாளத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு குமிழைப் பின்னுக்குத் திருப்பி மின்சாரத்தை நிறுத்தினார். அதற்குள் தங்கை திருப்புளியோடு மேசைக்கு அடியில் போயிருந்தாள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, கழன்று விழும் திருகாணிகளுக்காக உள்ளங்கையை ஏந்தினாள்.