பத்துத் தையல் மிஷின்களும் ஒரு பூட்டும்

டங்!

அனிஷா மறுபடியும் கருங்கல்லால் அடித்தாள். பூட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. கல்தான் மூலையில் பெயர்ந்தது.

“ஓங்கி அடிம்மா! மல்லிகைப்பூவா பறிக்கிற?” ஆண்டனிராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி குதித்தார். “செத்த நேரத்துல அந்தாளு வந்து நிப்பாரு!”

அந்தாள், சென்னையிலிருந்து வரும் முத்துக்கிருஷ்ணன். அவர் தலையாட்டினால் மூன்று வருஷத்துக்கு நிதி.

ஆண்டனிராஜ் புதுவாசல் அறக்கட்டளையின் இயக்குநர். பீகார், ஒடிசாவிலிருந்து நூல் மில்களுக்கு வந்திறங்கும் குடும்பங்கள் திண்டுக்கல்லில் காலூன்ற உதவும் அமைப்பு என்று போர்டு சொல்லும். அனிஷா அதன் ஒருங்கிணைப்பாளர். திட்டம் எழுதுவதும் அவள்தான், டீ வாங்கி வருவதும் அவள்தான்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது நத்தம் சாலையின் பழைய மாங்காய் மண்டி. உள்ளே பத்துத் தையல் மிஷின்கள். ஊருக்குள் ஒரு தையல் பள்ளியில் இரவல் வாங்கியவை. சாயங்காலம் திருப்பித் தரவேண்டும்.

“சாவி எங்கேம்மா போச்சு?”

அனிஷா சுவரைக் காட்டினாள். கொக்கி காலியாக இருந்தது.

“ரெண்டாவது சாவி?”

“தொலையக் கூடாதுன்னு நீங்கதானே சார் ரெண்டையும் ஒரே வளையத்துல கோத்தீங்க?”

“சேசுவே! பின்கதவு?”

“உள்தாழ்ப்பாள் போட்டிருக்கு சார்.”

அனிஷாவுக்குத் தையல் என்றாலே எரிச்சல். அவள் முதலில் எழுதிய திட்டமே வேறு. அம்மா மில்லுக்கு ஷிஃப்டு போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மூத்த பிள்ளை. மூத்த பிள்ளைக்கு வயது ஏழோ எட்டோ. அது பள்ளிக்கூடம் போகாது. ஆகவே ஒரு குழந்தைகள் காப்பகம். அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஆண்டனிராஜ் அதை அடித்துவிட்டார். “தூங்குற பிள்ளைய எவன் போட்டோ எடுப்பான்? மிஷின்னா படத்துல கும்முனு விழும்மா.”

இன்று தையலுக்குக் கையெழுத்தானால், அந்த மூத்த பிள்ளைகள் இன்னும் மூன்று வருஷம் இடுப்பில் குழந்தையோடு தெருவில் நிற்கும்.

கார் வந்தே விட்டது. முத்துக்கிருஷ்ணன் இறங்கினார். கையில் கல்லோடு நிற்கும் பெண்ணைப் பார்த்தார்.

“என்ன இது?”

ஆண்டனிராஜ் கண்ணிமைக்கவில்லை. “எங்க ஊரு வழக்கம் சார்! பூட்டுக்குப் பேர்போன ஊராச்சே. ரிப்பன் வெட்டுறதில்ல, பூட்டை உடைச்சுத்தான் திறப்போம். முதல் அடி விருந்தாளியோடது!” அனிஷாவின் கையிலிருந்த கல்லைப் பிடுங்கி, பூச்செண்டு போல நீட்டினார்.

முத்துக்கிருஷ்ணனுக்கு முகம் மலர்ந்தது. சட்டைக் கையை மடித்தார். ஓங்கினார்.

டமார்!

பூட்டு அசையவில்லை. ஆனால் உள்ளே ஒரு குழந்தை வீரிட்டது. அடுத்து இன்னொன்று. அப்புறம் மண்டி முழுக்க ஒரே அலறல்.

“பக்கத்து வீடு சார்,” என்றார் ஆண்டனிராஜ். பக்கத்தில் வீடே இல்லை, புளியமரம்தான்.

சன்னல் படாரென்று திறந்தது. நர்கீஸ் எட்டிப் பார்த்தாள். பீகார்க்காரி, இரவு ஷிஃப்டு முடித்த கண்கள். “யாரு டமார்? இப்பத்தான் எல்லாம் தூங்குச்சு! அறிவு இல்லே?”

முத்துக்கிருஷ்ணன் கல்லை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். சன்னல் வழியே பார்த்தார். இரண்டு இரண்டு மிஷின்களுக்கு நடுவே சேலை கட்டித் தொட்டில். ஒவ்வொன்றிலும் ஒரு கைக்குழந்தை, கால் உதைத்துக்கொண்டு.

“இந்தப் பிள்ளைகளோட அக்கா, அண்ணனெல்லாம் எங்கே?”

“இன்னிக்கு ஸ்கூல்,” என்றாள் நர்கீஸ். “முதல் தடவை.”

நர்கீஸ் பின்கதவைத் திறந்துவிட, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெளியே வரும்போது கேட்டார், “இது உங்க திட்டத்துல இல்லையே?”

“முதல்ல இருந்துச்சு சார்,” என்றாள் அனிஷா.

“நானே சொல்லணும்னு இருந்தேன் சார்!” ஆண்டனிராஜ் நடுவில் பாய்ந்தார். “காப்பகம்தான் எங்க உயிரு. மிஷினெல்லாம் தொட்டில் கட்டத்தான்!”

முத்துக்கிருஷ்ணன் அனிஷா பக்கம் திரும்பினார். “தையலை எடுத்துட்டு இதை எழுதி அனுப்புங்கம்மா. மூணு வருஷம்லாம் கிடையாது. முதல்ல ஒண்ணு. பாப்போம்.”

“பிரியாணி ஆறிடும் சார், வாங்க!” என்று ஆண்டனிராஜ் அவரைக் காருக்குள் தள்ளினார். தானும் ஏறிக்கொண்டு, கார் சன்னல் வழியே அனிஷாவைப் பார்த்துச் சீறினார். “உள்ள ஆளு இருக்கையில வெளியில பூட்டினது எந்தக் கூறுகெட்டதுன்னு விசாரிச்சு வை!”

“சரிங்க சார்.”

கார் புழுதியில் மறைந்தது. அனிஷா திண்டில் அமர்ந்து, தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர் சோற்றுக்குள் விரலை விட்டாள். இரண்டு சாவி கோத்த வளையத்தை எடுத்து, வாயில் வைத்துச் சப்பித் துடைத்தாள்.

பூட்டு ஒரே திருப்பில் திறந்தது.

நர்கீஸ் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். “அக்கா, காலையில பூட்டிட்டுப் போகும்போது ஃபேன் போட்டுட்டுப் போயிருக்கலாம்ல? சுவிட்ச் வெளியில இருக்கு!”