யார் வாங்கிய மாத்திரை

டீகன் வாயைத் திறக்கும்போதெல்லாம் மோரா கையைக் காட்டி நிறுத்தினாள். நீதிமன்றத்தை ஒட்டிய சின்ன அறை. மின்விசிறி இரைந்ததே தவிர காற்று வரவில்லை. வெளியே கோதுமை லாரிகள் தெருவை அதிரவைத்துப் போயின.

"முதல்ல சட்டத்த நான் சொல்றேன். கதைய அப்புறம் நீ சொல்லு."

போதை வழக்குகளில் வக்கீல் மோராவின் முறை அது. கட்சிக்காரர் ஒருதடவை உண்மையைச் சொல்லிவிட்டால், பிறகு அதற்கு மாறாக அவரைக் கூண்டில் ஏற்றிப் பேசவைக்க முடியாது.

டீகனுக்கு நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். இசைவிழா வாசலில் போதைப்பொருளை மோப்பம் பிடிக்கும் போலீஸ் நாய் அவள் காலடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு ஆசையாகத் தன் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே ஆம்பளை அதுதான் என்று மோராவுடனான முதல் சந்திப்பில் சிரித்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பையில் போதை மாத்திரைகள் இருந்தன. போலீஸ் கேட்டதும், கூட்டாளிகளுக்கும் சேர்த்துத் தானே வாங்கியது, யாரிடமும் காசு வாங்கவில்லை என்று சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னால் குற்றம் குறையும் என்பது அவள் நினைப்பு. அந்த ஊர்ப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்கு அதே நினைப்புதான்.

சும்மா கொடுத்தாலும் அது விநியோகம்தான் என்று மோரா விளக்கினாள். அந்தப் பிரிவில் தீர்ப்பானால் நர்ஸ் வேலை அநேகமாகக் கனவுதான். வழி ஒன்று உண்டு. வேறொருவர் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திரு என்று கொடுத்து, அவரிடமே திருப்பித் தருவதற்காக வைத்திருந்தால் அது விநியோகம் ஆகாது. ஆனால் போலீசிடம் இப்படிச் சொன்ன பிறகு, அந்த ஆளே வந்து சாட்சி சொன்னால்தான் எடுபடும்.

டீகன் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வண்டியில் சாய்ந்து நின்றான் ஜாரட். பள்ளிக்கூடத்திலிருந்து அவளோடு சுற்றியவன். விழாவுக்கும் கூடப் போனவன். பின்சீட்டில் அவன் கைக்குழந்தை தூங்கியது.

"கூட்டாளியக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா, மோரா?"

மோராவுக்குத் திக்கென்றது. அப்படியானால் போலீசிடம் சொன்னதுதான் பொய்யா? அல்லது இப்போது தானே ஒரு பொய்யை இவள் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டோமா? கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகலாம்.

"நான் யாரையும் எதுவும் சொல்லச் சொல்லலம்மா. வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."

டீகன் டீக்கடைப் பக்கம் போகவில்லை. நேராக வண்டிக்குப் போனாள். ஜாரட் தலையை ஆட்டுவது தெரிந்ததும் மோரா ஜன்னல் திரையை இறக்கிவிட்டாள். அதற்கு மேல் பார்க்கக் கூடாது.

வெயில் விடவில்லை. இரண்டு நிழல்களும் திரையிலேயே விழுந்தன. வெகுநேரம் எதுவும் அசையவில்லை. பிறகு உயரமான நிழல் வண்டிக்குள் குனிந்தது. குழந்தையைத் தூக்கி மற்ற நிழலின் கையில் கொடுத்தது.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜாரட் உள்ளே வந்தான். பேச வாயெடுத்தான்.

மோராவின் கை தானாக உயர்ந்தது.